செய்தால் போதுமா, சேர வேண்டாமா?

அப்பா இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கிய நாட்களில் அம்மா கற்றுக்கொண்ட முதல் பாடம், குப்பியைக் குலுக்கக் கூடாது என்பது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுக்கும்போது அந்த மருந்து மேலே தெளிந்தும் அடியில் வெள்ளையாகப் படிந்தும் இருக்கும். அம்மா அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, விளக்குத் திரி திரிப்பதுபோல மெதுவாக உருட்டுவார். பால் நிறம் சீராக வந்த பிறகுதான் ஊசியில் ஏற்றுவார். வேகமாக ஆட்டினால் மருந்து கெட்டுவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஃப்ரீசரில் வைத்தாலும் கெடும், வெயிலில் வைத்தாலும் கெடும். வாயில் போட்டு விழுங்கினாலோ வயிறு அதைப் பருப்பைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும். இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். இன்சுலின் ஒரு புரதம். புரதத்தின் வேலை முழுவதும் அதன் உருவத்தில் இருக்கிறது. உருவம் குலைந்தால் வேலையும் போயிற்று.

அப்பாவின் கணையத்தால் போதிய அளவு செய்ய முடியாமல் போனதைக் கடையில் வாங்கி வந்து இவ்வளவு பக்குவமாகக் கையாள வேண்டியிருந்தது. நலமாக உள்ள கணையத்தின் பீட்டா செல்லோ, இதே புரதத்தை இரவும் பகலும் கோத்து, மடித்து, வெட்டி, பையில் அடைத்து வைத்திருந்து, நாம் சாப்பிட்ட சில நிமிடங்களில் இரத்தத்தில் விடுகிறது. இந்தச் செயல்முறையை மனிதர்கள் துண்டு துண்டாகக் கண்டுபிடித்து ஒன்றுசேர்க்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. சில துண்டுகள் இன்னும் சேரவில்லை. அந்த ஆய்வு இன்று எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வழித்துணையாக இன்சுலினையே வைத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் செல்லின் படம் வரையாதவர் நம்மில் குறைவு. ரைபோசோம் என்றால் புரதத் தொழிற்சாலை, மைட்டோகாண்ட்ரியா என்றால் ஆற்றல் நிலையம், கோல்கை என்றால் சுரத்தல் என்று ஒரு மதிப்பெண் விடைகளாகவே அவை மனத்தில் தங்கிவிட்டன. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.யிலிருந்து புரதம் என்ற தொடரோடு பாடமும் முடிந்துவிடும். பிரான்சிஸ் கிரிக் 1958இல் அச்சில் வைத்த அந்தத் தொடர் சரியானதுதான். ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மனித மரபணுத் தொகுப்பில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அவை தரும் புரதங்களில் மூன்றில் ஒரு பங்கு, செய்த இடத்தில் இருப்பதில்லை. செல்லின் மேற்சவ்வுக்கோ, செல்லுக்கு வெளியேயோ, உள்ளே இருக்கும் வேறோர் அறைக்கோ போக வேண்டியவை அவை. போகிற வழியில்தான் அவை உருப்பெறுகின்றன, திருத்தப்படுகின்றன, சோதிக்கப்படுகின்றன. பல நோய்களும் அந்த வழியில்தான் ஒளிந்திருக்கின்றன. புரதம் கோக்கப்படுவதைவிட அது போய்ச் சேர்வதே பெரிய கதை என்பது என் எண்ணம்.

தொடக்கம் ரைபோசோமில். ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியது. ஜார்ஜ் பாலாடே 1955இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தபோது அவை வெறும் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிக்குள் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று காண மேலும் 45 ஆண்டுகள் ஆயின. சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, மூன்று வயதில் பரோடாவுக்குப் போய், இயற்பியல் படித்து, பிறகு உயிரியலுக்கு மாறிய வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமின் சிறிய பகுதியின் அணு அமைப்பைக் கேம்பிரிட்ஜில் 2000இல் வெளிக்கொண்டு வந்தார். பெரிய பகுதியைத் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு அதே ஆண்டில் தீர்த்தது. இருவருக்கும் வழி திறந்தவர் இஸ்ரேலின் ஆடா யோனத். ரைபோசோம் படிகமாகும் என்று யாரும் நம்பாத காலத்திலேயே முயன்று அதைப் படிகமாக்கிக் காட்டியவர் அவர். மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் படங்கள் காட்டிய இரண்டு செய்திகள் முக்கியமானவை. தூது ஆர்.என்.ஏ.யில் உள்ள மூன்று எழுத்துகளுக்குச் சரியான அமினோ அமிலம்தான் வந்திருக்கிறதா என்று, பொருந்தும் இடத்தின் அளவை வைத்து ரைபோசோம் சரிபார்க்கிறது. அளவு பொருந்தாவிட்டால் வந்ததைத் திருப்பி அனுப்புகிறது. அடுத்து, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அந்த மையமான இடத்தில் புரதமே இல்லை. பிணைப்பது ஆர்.என்.ஏ. புரதம் செய்யும் இயந்திரத்தின் இதயம் புரதத்தால் ஆனது இல்லை என்பது, உயிரின் தொடக்கத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவிடும் செய்தி. நாம் விழுங்கும் டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டுதான் அதை முடக்குகின்றன.

நம் செல்லின் ரைபோசோம் ஒரு நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைக் கோக்கும். இன்சுலினாகப் போகும் சங்கிலியில் 110 மணிகள். ஆகவே ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ இருபது நொடி. ஆனால் அப்பாவின் ஊசியில் இருந்த இன்சுலினில் 51 மணிகள்தான். மீதி 59 எங்கே போயின? இந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தால் செல்லின் உள்வழி முழுவதையும் பார்த்துவிடலாம்.

முதல் 24 மணிகள் விலாசம். ரைபோசோமிலிருந்து சங்கிலியின் தலைப்பகுதி வெளியே எட்டிப் பார்த்ததும், ஒரு சிறு ஆர்.என்.ஏ.யும் ஆறு புரதங்களும் சேர்ந்த துகள் ஒன்று அதைப் படித்துவிடுகிறது. படித்ததும் கோக்கும் வேலையைச் சற்று நிறுத்திவைத்து, ரைபோசோமை அப்படியே எண்டோபிளாச வலை என்ற அறையின் சவ்வுக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே ஒரு துளை காத்திருக்கிறது. ரைபோசோம் அதன் வாயில் அமர்ந்து வேலையைத் தொடர, வளரும் சங்கிலி துளை வழியாக வலைக்குள் இறங்குகிறது. உள்ளே நுழைந்ததும் விலாசம் எழுதிய 24 மணிகளை ஒரு நொதி நறுக்கிவிடுகிறது. வீட்டுக்குள் வந்த பிறகு உறையைக் கிழித்துப் போடுவதுபோல.

குண்டர் புளோபெல் இந்தக் கருத்தை 1971இல் டேவிட் சபட்டினியோடு சேர்ந்து முன்வைத்தபோது கையில் சான்று ஏதும் இல்லை. பலர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. செல்லை உடைத்து, பாகங்களைப் பிரித்து, சோதனைக் குழாயில் மீண்டும் சேர்த்து அதை வேலை செய்ய வைத்துக் காட்டிய பிறகு நிலைமை மாறியது. 1999இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. சிறுவனாக இருந்தபோது, குண்டுவீச்சுக்குச் சில நாட்கள் முன்பு டிரெஸ்டன் நகரத்தின் அழகைப் பார்த்தவர் அவர். பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை அந்நகரத்தின் தேவாலயத்தையும் யூதர் தொழுகைக் கூடத்தையும் மீண்டும் எழுப்பக் கொடுத்துவிட்டார். செல்லுக்குள் பிற இடங்களுக்கும் இதேபோல் விலாசங்கள் உண்டு. உட்கருவுக்கு ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்று. பெராக்சிசோம் என்ற நுண்ணறைக்குப் போக வேண்டிய பல புரதங்களுக்கோ வாலில் மூன்றே அமினோ அமிலங்கள் போதும்.

விலாசம் போனால் மிச்சம் 86 மணிகள். இனிதான் உருவம் வேண்டும். எந்த உருவம் என்பது மணிகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறது என்று ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியைக் குலைத்தும் மீண்டும் மடியவிட்டும் காட்டினார் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன். அதற்கு 1972இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது உண்மை. ஆனால் நெரிசல் மிக்க செல்லுக்குள் ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு சிக்கிக்கொள்ளாமல் மடிய வேண்டும். அதற்குத் துணைப் புரதங்கள் உண்டு. புதிதாக வந்த சங்கிலியின் ஒட்டும் பகுதிகளைப் பொத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, அது தன் உருவத்தை அடைய அவகாசம் தருவது அவற்றின் வேலை.

இன்சுலினில் கந்தக முனை கொண்ட அமினோ அமிலங்கள் ஆறு. அவை இரண்டிரண்டாகக் கைகோக்க வேண்டும். ஆறு பேரை மூன்று ஜோடியாகப் பிரிக்க 15 வழிகள் உண்டு. இன்சுலினுக்கு அதில் ஒன்றுதான் சரி. அறைகளுக்கு வெளியே உள்ள செல்லின் பொதுவெளியில் இப்படிப்பட்ட பிணைப்பு நிலைக்காது. எண்டோபிளாச வலைக்குள் உள்ள வேதிச்சூழலில்தான் அது நிலைக்கும். தவறான ஜோடிகளைப் பிரித்துச் சரியான ஜோடியைச் சேர்த்துவைக்க அங்கே ஒரு நொதியும் உண்டு. இந்த இடத்தில்தான் ஒரு பழைய புதிர் விடுபட்டது. பிரெடெரிக் சேங்கர் 1950களில் இன்சுலினின் மணி வரிசை முழுவதையும் படித்தார். அதில் 21 மணிகள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 மணிகள் கொண்ட இன்னொன்றும் இருந்தன. இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியே செய்து சேர்த்துப் பார்த்த வேதியியலாளர்களுக்குச் சரியான இன்சுலின் மிகக் குறைவாகவே கிடைத்தது. செல் மட்டும் எப்படிச் செய்கிறது? 1967இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் விடை சொன்னார். கணையக் கட்டி ஒன்றின் திசுவில், இரண்டு சங்கிலிகளும் நடுவில் ஒரு துண்டால் இணைந்த ஒரே நீண்ட சங்கிலியை அவர் கண்டார். செல் இரண்டாகச் செய்து சேர்ப்பதில்லை. ஒன்றாகச் செய்து, மடித்து, பிணைப்புகள் விழுந்த பிறகு நடுத்துண்டை எடுத்துவிடுகிறது. பந்தல் போடுகிறவர் மூங்கிலைக் கட்டி முடிக்கும்வரை முட்டுக் கொடுத்து, பிறகு முட்டை உருவுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த ஆறு கந்தக முனைகளில் ஒன்று பிறவியிலேயே மாறிப்போன குழந்தைகள் உண்டு. அவர்களுடைய சங்கிலி சரியாக மடிவதில்லை. மடியாத சங்கிலிகள் வலைக்குள் சேர்ந்து சேர்ந்து பீட்டா செல்லையே கொன்றுவிடுகின்றன. பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வருகிறது. அவர்களிடம் ரைபோசோமுக்குக் குறையில்லை, கோப்பதிலும் குறையில்லை.

மடியாத சரக்கை வெளியே விடக் கூடாது என்பதில் எண்டோபிளாச வலை மிகக் கண்டிப்பானது. இன்சுலினுக்கு இல்லாத ஒன்று வேறு பல புரதங்களுக்கு இங்கே பொருத்தப்படுகிறது: 14 சர்க்கரை மூலக்கூறுகள் கிளைவிட்ட ஒரு சிறு மரம். அதன் நுனியில் உள்ள குளுக்கோஸ்களை நொதிகள் கிள்ளிவிடும். புரதம் சரியாக மடிந்திருந்தால் அதோடு வெளியேறலாம். மடியாமல் இருந்தால் இன்னொரு நொதி ஒரு குளுக்கோஸை மறுபடி ஒட்டிவைத்து, மறுபடி மடியும் வரிசைக்கு அனுப்பும். பலமுறை முயன்றும் தேறாததைச் செல் வெளியே இழுத்து, யுபிகுவிட்டின் என்ற அழிவு முத்திரையைக் குத்தி, புரோட்டியசோம் என்ற அரவை எந்திரத்தில் போட்டு அரைத்துவிடும். இந்த முத்திரையைக் கண்டறிந்ததற்கு ஆரோன் சீகனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொலாஜனைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறையை விட்டு நகர எனக்கு மனமில்லை. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன்தான் நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம். மூன்று சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பது அதன் அமைப்பு. அந்த முறுக்கை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்கான கொலாஜன் மாதிரி, கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்தது, பக்கத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் ராமச்சந்திரன் குழு வெளியிட்ட வரைபடம் இன்றும் ஒவ்வொரு புரத அமைப்பையும் சரிபார்க்கும் முதல் சோதனை. உலகம் முழுவதும் அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர்.

கொலாஜன் கயிறு உடல் சூட்டில் பிரியாமல் நிற்க வேண்டுமானால், அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றுக்கு எண்டோபிளாச வலைக்குள் ஒரு சிறு மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. கடலோடிகளின் ஈறு கரைந்து பல் உதிர்ந்ததும், ஆறிய புண்கள் மறுபடி திறந்துகொண்டதும் இதனால்தான். ஜேம்ஸ் லிண்ட் 1747இல் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஸ்கர்வியைக் குணப்படுத்தியபோது, ஒரு நொதியின் பசியைத் தீர்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நெல்லிக்காய் தின்னும்போது நினைவில் வையுங்கள்: அது உங்கள் செல்களுக்குள் கயிறு திரிக்க உதவுகிறது.

அடுத்த நிலையம் கோல்கை. இத்தாலியின் பாவியா நகரில் கமிலோ கோல்ஜி 1898இல் ஆந்தையின் மூளைச் செல்களுக்கு வெள்ளி நைட்ரேட் சாயமேற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு கரிய வலை தெரிந்தது. அப்படியோர் உறுப்பே இல்லை, சாயம் செய்த மாயம் அது என்று அடுத்த ஐம்பது ஆண்டுகள் பலர் வாதாடினர். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, தட்டையான பைகள் தோசைகளை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் காட்டிய பிறகுதான் வழக்கு முடிந்தது.

அந்த அடுக்கில் நடப்பது பெரும்பாலும் சர்க்கரைகளை ஒட்டுவதும் கிள்ளுவதும். கேட்பதற்குச் சிறு வேலைபோல இருக்கும். உங்கள் இரத்தப் பிரிவு எது என்பதே அங்கேதான் தீர்மானமாகிறது. ஏ பிரிவுக்காரர்களின் கோல்கையில் உள்ள நொதி ஒரு வகைச் சர்க்கரையை நுனியில் ஒட்டுகிறது. பி பிரிவின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டுகிறது. இரண்டு நொதிகளுக்கும் இடையே வேறுபாடு நான்கே அமினோ அமிலங்கள். ஓ பிரிவில் அந்த நொதி வேலை செய்வதில்லை. ஏ, பி சர்க்கரைகள் அமரும் அடித்தளச் சர்க்கரையையே ஒட்ட முடியாதவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் முதன்முதலில் 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்டதால் அதற்குப் பம்பாய் இரத்தப் பிரிவு என்று பெயர். சாதாரணப் பரிசோதனையில் இவர்கள் ஓ பிரிவாகத் தெரிவார்கள். ஆனால் ஓ பிரிவு இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குப் பம்பாய்ப் பிரிவு இரத்தம்தான் வேண்டும்.

கோல்கைதான் அஞ்சல் பிரிப்பு அறையும். பழையதைச் செரித்து அகற்றும் லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்கு இங்கே மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற முத்திரை விழுகிறது. முத்திரை குத்தும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஐ-செல் நோய் என்ற அரிய, கொடிய நோய் வருகிறது. அவர்கள் உடலில் செரிக்கும் நொதிகள் குறையின்றி உற்பத்தியாகின்றன. இரத்தத்தில் அளவுக்கு மீறியே அவை இருக்கின்றன. முத்திரை இல்லாததால் அவை லைசோசோமுக்குப் போகாமல் வெளியே கொட்டப்படுகின்றன. லைசோசோமோ செரிக்காத குப்பையால் உப்பிப்போகிறது. செய்வது வேறு, சேர்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மருத்துவத்தில் எனக்குத் தெரியாது.

அறைக்கு அறை சரக்கு எப்படிப் போகிறது? சவ்வில் ஒரு மொட்டு கிளம்பி, அறுந்து, சிறு பையாக மிதந்து, அடுத்த அறையின் சவ்வோடு கலந்து சரக்கைக் கொட்டுகிறது. இந்தப் பாதையை முதலில் தடம் பிடித்தவர் அதே பாலாடே. கினிப் பன்றியின் கணையத் துண்டுக்கு மூன்றே நிமிடம் கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொடுத்து நிறுத்தினார். பிறகு நேரம் விட்டு நேரம் செல்களைப் படம் எடுத்தார். முதலில் கதிரியக்கப் புள்ளிகள் எண்டோபிளாச வலையில் தெரிந்தன. சில பல நிமிடங்களில் கோல்கையில் தெரிந்தன. இரண்டு மணி நேரத்தில் சுரப்புப் பைகளுக்கு வந்துவிட்டன. ஜேம்ஸ் ஜேமிசனோடு 1967இல் வெளியிட்ட இந்த ஆய்வு எளிமையாலேயே அழகானது. 1974இல் பாலாடேவுக்கும், ஆல்பர்ட் கிளாடுக்கும், கிறிஸ்டியன் டி டூவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாதை தெரிந்தது, ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. ராண்டி ஷெக்மன் அதற்கு ஈஸ்ட்டை நாடினார். சூடு ஏறினால் சுரப்பு நின்றுபோகும் ஈஸ்ட் வகைகளைத் தேடினார். வெளியே அனுப்ப முடியாத செல்லுக்குள் சரக்கு தேங்கி அது கனத்துப்போகும் என்று ஊகித்து, அடர்த்தியை வைத்தே அவற்றைப் பிரித்தெடுத்தார். இப்படி 23 மரபணுக்கள் அகப்பட்டன. ஜேம்ஸ் ராத்மன் எதிர்த்திசையிலிருந்து வந்தார். செல்லை உடைத்து, கோல்கையைக் குழாயில் வேலை செய்யவைத்து, பையும் சவ்வும் கலக்கத் தேவையான புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பையின் மேல் ஒரு வகைப் புரதம், சேர வேண்டிய சவ்வின் மேல் அதன் ஜோடி. இரண்டும் பின்னல்போல முறுக்கிக்கொண்டு சவ்வுகளை நெருக்கிக் கலக்கவைக்கின்றன. ஈஸ்ட்டில் ஷெக்மன் கண்டவையும் பாலூட்டிகளில் ராத்மன் கண்டவையும் ஒன்றுக்கொன்று உறவு என்று தெரிந்தபோது, நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக உயிர் இந்த முறையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்தது. நரம்புச் செல்லில் கால்சியம் வந்த கணத்தில் பை திறக்கும் விசையைத் தாமஸ் சூடாஃப் கண்டார். மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு.

ரணஜன்னிக் கிருமியின் நஞ்சு வெட்டுவது அந்தப் பின்னல் புரதத்தைத்தான். தசையைத் தளரச் சொல்லும் நரம்புச் செய்தி பையிலேயே அடைபட்டுவிட, தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. ஆணி குத்தியதும் போட்டுக்கொள்ளும் ஊசி தடுப்பது அதை.

இன்சுலினுக்குத் திரும்புவோம். கோல்கையின் கடைசி அடுக்கிலிருந்து கிளம்பும் பைக்குள் 86 மணிச் சங்கிலி இருக்கிறது. அந்தப் பைக்குள்தான் இறுதி வெட்டு. இரண்டு இடங்களில் வெட்டி, ஓரங்களில் மிஞ்சிய நான்கு மணிகளைச் சீவிவிட்டால், 31 மணிகள் கொண்ட நடுத்துண்டு தனியாகவும் 51 மணிகள் கொண்ட இன்சுலின் தனியாகவும் ஆகின்றன. இன்சுலின்கள் ஆறாறாகத் துத்தநாகத்தைச் சுற்றிக் கூடிப் படிகமாக உறைகின்றன. ஒரு பீட்டா செல்லில் இப்படி ஏறத்தாழ 10,000 பைகள் காத்திருக்கும். சோறு செரித்து இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். அது செல்லுக்குள் எரிந்து ஆற்றலாகும். அதனால் சவ்வில் உள்ள பொட்டாசியக் கதவு மூடும். கால்சியக் கதவு திறக்கும். பைகள் சவ்வோடு கலந்து இன்சுலினை வெளியே விடும். பலர் வீட்டில் உள்ள கிளிமிபிரைடு மாத்திரை அந்தப் பொட்டாசியக் கதவைத்தான் மூடுகிறது. அந்த மாத்திரை இன்சுலினைத் தருவதில்லை. செல் செய்து வைத்திருப்பதை வெளியே அனுப்பச் சொல்கிறது. சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவதும் இதனால்தான்.

வெட்டப்பட்ட நடுத்துண்டும் இன்சுலினோடு சம எண்ணிக்கையில் இரத்தத்துக்கு வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் சி-பெப்டைடு என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். அது இந்தத் துண்டுதான். குப்பியில் வரும் இன்சுலினில் இது கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்பவரின் இரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தால், அவருடைய கணையம் இன்னும் சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறது என்று மருத்துவர் அறிகிறார். அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த எண் சிறியதாக, ஆனால் பூஜ்யமாக இல்லாமல் இருந்ததைப் பார்த்த நாளில், என்றோ படித்த ஸ்டைனரின் பெயர் எனக்கு நினைவுக்கு வந்தது.

இவ்வளவு கண்டிப்பான வழி சில நேரம் தேவைக்கு மேல் கண்டிப்பாக இருந்துவிடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. அந்தப் புரதத்தின் 1,480 மணிகளில் 508ஆவது ஒன்று மட்டும் பெரும்பாலான நோயாளிகளிடம் இல்லை. அந்தக் குறையுள்ள புரதம் செல்லின் மேற்சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான். ஆனால் எண்டோபிளாச வலையின் சோதனையில் தேறாமல் அரவைக்குப் போகிறது. நுரையீரல் கெட்டிச் சளியால் அடைக்கிறது. அதை மடியவைத்துச் சோதனையைத் தாண்டவைக்கும் மருந்துகளும், சேர்ந்த பிறகு கதவைத் திறந்துவைக்கும் மருந்தும் கலந்த மாத்திரைக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நோயாளிகளின் வாழ்வை அது மாற்றியிருக்கிறது. விலை எளியவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பது வருத்தத்துக்குரியது.

இந்த வழியில் எதிர்த்திசையில் வருபவையும் உண்டு. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு செல்லின் மேற்பரப்பில் ஒட்டி, உள்ளே புகுந்து, கோல்கை வழியாக எண்டோபிளாச வலை வரை பின்னோக்கிப் பயணிக்கிறது. அங்கே தேறாத புரதத்தைப் போல நடித்து, செல்லே அதைப் பொதுவெளிக்கு இழுத்துவிடும்படி செய்கிறது. வெளியே வந்ததும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யில் ஒரே ஓர் எழுத்தைக் கிள்ளி, அதை நிரந்தரமாக நிறுத்துகிறது. காலரா நஞ்சும் ஏறத்தாழ இதே வழியில்தான் உள்ளே வருகிறது.

முடியாத கேள்விகளில் இரண்டைச் சொல்கிறேன். கோல்கை அடுக்குகள் நிலையாக இருக்க, சரக்கு மட்டும் பையில் ஏறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறதா? இல்லை, அடுக்கே சரக்கோடு முன்னேறி, நொதிகள் பின்னோக்கிப் பையில் திரும்புகின்றனவா? பல ஆண்டுகள் பாடநூல்கள் முதல் விடையைச் சொல்லின. 2006இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள ஈஸ்ட்டில் ஓர் அடுக்கே நிறம் மாறி முதிர்வதை நேரில் படம்பிடித்தன. அதன்பின் இரண்டாம் விடையின் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது, என் கருத்தும் அதுவே. ஆனால் எல்லாச் சரக்கும் அதே வேகத்தில் போகாததை அது முழுமையாக விளக்கவில்லை. அடுத்தது கொலாஜன். எண்டோபிளாச வலையிலிருந்து கிளம்பும் வழக்கமான பையின் குறுக்களவு நூறு நானோமீட்டருக்கும் குறைவு. கொலாஜன் கயிறோ 300 நானோமீட்டர் நீளம், வளையாத தடி. குடத்துக்குள் உலக்கை எப்படிப் போகும்? அதற்கென வெளிவாயிலில் வழி அமைக்கும் பெரிய புரதம் ஒன்று 2009இல் கண்டறியப்பட்டது. அது பையைப் பெரிதாக்குகிறதா, இரண்டு அறைகளுக்கும் இடையே தற்காலிகச் சுரங்கம் போடுகிறதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

மருந்துத் தொழில் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து இன்சுலின் எடுத்த காலம் மாறி, 1978இல் பாக்டீரியாவில் மனித இன்சுலின் செய்யப்பட்டு 1982இல் சந்தைக்கு வந்தது. பாக்டீரியாவுக்கு எண்டோபிளாச வலை இல்லை, கோல்கையும் இல்லை. அதனால் அது கோத்துத் தந்த சங்கிலிகளைத் தொழிற்சாலையில் வேதிமுறையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஈஸ்ட்டுக்கு இரண்டும் உண்டு. அது மடித்தே வெளியே சுரந்துவிடும். பெங்களூருவின் பயோகான் 2004இல் பிச்சியா என்ற ஈஸ்ட்டில் செய்த இன்சுலினை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்களின் சொந்தச் செல்களே சில நாட்கள் கொரோனாவின் முள்புரதத்தைச் செய்து, இதே வலை வழியாக மேற்சவ்வுக்கு அனுப்பி, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டின.

உயிரியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செல்லின் படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொல்லும்போது, ஒரே ஒரு புரதத்தின் பெயரையும் கொடுங்கள். இன்சுலின் போதும். அது ரைபோசோமில் தொடங்கி எந்தெந்த அறை வழியாக, எங்கே எதை இழந்து, இரத்தத்துக்கு வருகிறது என்று மாணவர்களை அம்புக்குறி போடச் சொல்லுங்கள். 110இல் தொடங்கி 51இல் முடியும் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் குப்பி இருக்கும்.